தன்னார்வலர்கள் நடத்தும் ரோல்பிளே, போர்டு கேம் கன்வென்ஷன்: எத்தனை டிக்கெட் விற்கலாம்?

#1 புதுமேசை

வருடாவருடம் நடத்தும் எண்ணத்தில் முதல் கன்வென்ஷனுக்குத் திட்டம் போடுகிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாள். சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை, எல்லாருமே வாலண்டியர். இடம்: ஒரு பெரிய ஹால், நான்கு சின்ன ரூம். ஹாலில் 200 பேர் உட்காரலாம் என்கிறார்கள். கொஞ்சம் குறைத்து 150 டிக்கெட் என்பது தற்போதைய கணக்கு. பாதிப் பேர் ரோல்பிளே (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி விளையாடும் ஆட்டம்), பாதிப் பேர் போர்டு கேம்.

கேட்க வந்தது: 150 சரியா? ஸ்லாட், அதாவது ஆட்ட நேரங்களை, எப்படிப் பிரிப்பது? சீட் பதிவை ஆன்லைனில் திறந்துவிட்டால் போதுமா, குலுக்கல் வேண்டுமா? கேம் லைப்ரரியில் (வருபவர்கள் எடுத்து விளையாட வைக்கும் போர்டு கேம்கள்) காய், சீட்டு போன்ற பீஸ் தொலையாமல் இருக்க வழி உண்டா?

#2 கணக்குப்பிள்ளை

ஹால் கொள்ளளவை மறந்துடுங்க. உங்க உண்மையான கொள்ளளவு ஜி.எம். (கேம் மாஸ்டர், மேசையில கதை சொல்லி ரோல்பிளே ஆட்டத்தை நடத்துறவர்) எண்ணிக்கைதான்.

சனிக்கிழமை மூணு ஸ்லாட், ஞாயிறு ரெண்டு, மொத்தம் அஞ்சு. ஒவ்வொரு ஸ்லாட்லயும் 75 பேர் ரோல்பிளே மேசையில இருக்கணும். மேசைக்கு 5 பிளேயர், 1 ஜி.எம்., ஆக 6 பேர். 75-ஐ 6-ஆல வகுத்தா பன்னிரண்டரை. 13 மேசைன்னு வைங்க. அஞ்சு ஸ்லாட்டுக்கு 65 ஆட்டம். ஒரு ஜி.எம். ரெண்டு ஆட்டம் நடத்துவார்னா 33 ஜி.எம். வேணும். வர்ற 150 பேர்ல 33 பேர் நடத்துறவங்களா இருக்கணும்னு அர்த்தம்.

இப்ப கணக்கைத் தலைகீழாப் போடுங்க. கையில உறுதியா 12 ஜி.எம். இருக்காங்கன்னா 24 ஆட்டம். ஸ்லாட்டுக்கு அஞ்சு மேசை போட ஒண்ணு குறையும், அதை யாராவது ஈடுகட்டுவாங்கன்னே வைங்க. அஞ்சு மேசை, 30 பேர். பாதிக்குப் பாதின்னா டிக்கெட் 60-தான். அதுக்கு மேல விக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் போர்டு கேம் பக்கம் போகிற ஆளா இருந்தா சரி. ரோல்பிளேக்காக வந்து சீட் இல்லாம நிக்கிற ஆளா இருந்தா அடுத்த வருஷம் வரமாட்டார்.

"உறுதி"ங்கிற வார்த்தையில கவனமா இருங்க. ஆட்டத்தோட தலைப்பு, சிஸ்டம் (எந்த விதித்தொகுப்பு), அதுல எத்தனாவது பதிப்பு, எந்த ஸ்லாட், குறைந்தபட்சம் எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை பேர், நாலு வரி அறிமுகம் இவ்வளவையும் எழுதி அனுப்பினவர்தான் ஒரு ஜி.எம். "கண்டிப்பா பண்றேங்க, அப்புறம் சொல்றேன்"னு சொன்னவர் கணக்குல பூஜ்யம். டிக்கெட் விக்க ஆரம்பிக்கிற தேதிக்கு ஆறு வாரம் முன்னாடியே இந்த அறிமுகங்களுக்குக் கடைசித் தேதி வைங்க.

#3 ஆறுமுகப்பகடை

கணக்கு சரி, ஆனா ஒரு ஜி.எம்.-க்கு ரெண்டு ஆட்டம்னு இறுக்கிப் பிடிக்கிறது ஏன்? நல்ல ஜி.எம். நாலு ஆட்டம் அசால்ட்டா நடத்துவார். மூணுன்னு வச்சாலே 33 பேர் 22 ஆயிடுது.

இன்னொண்ணு. ஜென் கான்ங்கிற பெரிய அமெரிக்க கேம் கன்வென்ஷனே 1968-ல அங்க லேக் ஜெனீவா ஊர்ல ஒரு தோட்டக்கலை மன்றக் கட்டடத்துலதான் ஆரம்பிச்சது. யாரும் ஜி.எம். எண்ணிட்டா ஆரம்பிச்சாங்க?

#4 கணக்குப்பிள்ளை

@ஆறுமுகப்பகடை 1968-ல வந்தவங்க போர் விளையாட்டுக்காரங்க, மேசையில படைகளை நகர்த்தி விளையாடுறவங்க. முதல் ரோல்பிளே கேமான டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) வெளியானதே 1974-ல. போர் விளையாட்டுல எதிரே உக்கார இன்னொருத்தர் இருந்தா பெரும்பாலும் மேசை ஓடிடும். ஜி.எம். இல்லாம ரோல்பிளே மேசை அப்படி ஓடாது. அதனாலதான் அந்தக் காலக் கணக்கு இதுக்கு ஒத்துவராது.

நாலு ஆட்டம் நடத்துற ஆள் உண்டு, மறுக்கல. ஆனா நாலு மணி நேரம் விடாம குரல் கொடுத்துப் பேசி, அஞ்சு பேரோட கவனத்தைக் கட்டிவச்சு, விதியைத் தீர்த்துவைக்கிறது சாதாரண வேலை இல்ல. மூணாவது ஆட்டம் பெரும்பாலும் சனி ராத்திரி ஸ்லாட்ல விழும். தொண்டை கட்டிக்கிட்டு கேன்சல் ஆகிறதும் அதுதான். மூணை எதிர்பார்த்துத் திட்டம் போட்டா ராத்திரி எட்டு மணிக்கு அஞ்சு பேர் வரவேற்பு டெஸ்க்குல வந்து நிப்பாங்க. ரெண்டுன்னு திட்டம் போட்டு, மூணாவது கிடைச்சா போனஸா வைங்க.

ஜி.எம். எண்ணிக்கையை ஏத்தணும்னா ஒரே ஸ்கெனாரியோவை (ஆட்டக் கதையை) ரெண்டு தடவை நடத்தச் சொல்லுங்க. தயாரிப்பு வேலை பாதியாகும், ரெண்டாவது தடவை ஆட்டமும் கச்சிதமா வரும். அடுத்தடுத்த ஸ்லாட்ல மட்டும் போடாதீங்க.

#5 மேசைக்காரி

ஜி.எம்.களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ரெண்டு ஆட்டம் நடத்தினால் நுழைவுக் கட்டணம் இல்லை என்பது வழக்கம். அதைவிட அவர்கள் விரும்புவது பொதுப்பதிவு திறக்கும் முன் மற்றவர் ஆட்டத்தில் தனக்கொரு சீட். எப்போதும் நடத்திக்கொண்டே இருப்பவருக்கு விளையாடக் கிடைப்பதுதான் பெரிய விஷயம். ஆனால் ஆளுக்கு ஒரே ஒரு முன்னுரிமைச் சீட், ஒரு மேசைக்கு அதிகபட்சம் ஒரு ஜி.எம். என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் பிரபலமான மேசை பொதுப்பதிவுக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். "உள்ளுக்குள்ளேயே பங்கு போட்டுக்கிட்டாங்க" என்ற பேச்சு முதல் வருஷமே கிளம்பிவிடும்.

#6 இருபதுமுகன்

ஸ்லாட் பற்றி.

காலை 9:30–1:30, மதியம் 2:30–6:30, இரவு 7:30–11:30. ஞாயிறு முதல் ரெண்டு மட்டும். இடையில ஒரு மணி நேரம் கட்டாயம் விடுங்க. அரை மணி போதும்னு தோணும். போதாது. முதல் ஆட்டம் 20 நிமிஷம் இழுத்தா மீதி பத்து நிமிஷத்துல மேசையைத் துடைச்சு, சாப்பிட்டு, அடுத்த மேசை எங்கன்னு தேடணும். அது முடியாம அடுத்த ஆட்டம் கால் மணி தாமதம், அதுக்கடுத்தது அரை மணி. ராத்திரி ஸ்லாட் நள்ளிரவைத் தாண்டும். ஹால்காரர் லைட்டை அணைப்பார்.

நாலு மணி நேர ஸ்லாட்னு எழுதினாலும் விளையாட்டு நேரம் மூணே கால் மணிதான்னு ஜி.எம்.களுக்குத் தெளிவா எழுதி அனுப்புங்க. உக்கார, பேர் சொல்ல 10 நிமிஷம். கேரக்டர் பிரிக்க, விதி சொல்ல 15. நடுவுல இடைவேளை 10. முடிக்கிறது ஸ்லாட் முடியறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி. ஸ்கெனாரியோவுல மூணு கட்டாயக் காட்சி, நேரம் இருந்தா மட்டும் வர்ற நாலாவது ஒண்ணு. அந்த நாலாவது காட்சி க்ளைமாக்ஸா இருக்கக் கூடாது. இருந்தா ஓரம்கட்ட மனசு வராது, மேசை இழுத்துக்கிட்டே போகும்.

ஸ்லாட் முடிய 30 நிமிஷம் இருக்கிறப்ப ஒரு வாலண்டியர் ஒவ்வொரு மேசைக்கும் போய் ஜி.எம். முன்னாடி ஒரு மஞ்சள் அட்டையை வச்சுட்டு வந்துடணும். மைக்குல அறிவிக்காதீங்க, க்ளைமாக்ஸ்ல இருக்கிற எல்லா மேசையும் ஒரே நேரத்துல கலையும்.

தயார் கேரக்டர் ஷீட் (கதாபாத்திர விவரம் முன்னாடியே எழுதின தாள்) எத்தனைன்னும் சொல்லிடுறேன்: சீட் எண்ணிக்கையைவிட ஒண்ணு கூட. அஞ்சு சீட்டுக்கு ஆறு. கடைசியா உக்கார்றவருக்கும் ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற உரிமை இருக்கும். அதே ஜி.எம். ஆட்டத்தை ரெண்டாவது தடவை நடத்தறப்ப புதுப் பிரதி வேணும், முதல் செட் கிறுக்கலோட இருக்கும்.

#7 புதுமேசை

பெரிய உதவி. ஜி.எம். அறிமுகம் எழுதிக் கொடுத்தவர்கள் இதுவரை 14 பேர். 150-ஐக் கைவிடுகிறோம். சீட் பதிவுக்கு கூகுள் ஃபார்ம் போதுமா?

#8 சீட்டுக்கட்டு

கூகுள் ஃபார்ம் தானா சீட் நிரம்பினதைப் பார்த்து நிறுத்தாது. அஞ்சு சீட்டுக்கு பதினொரு பேர் பதிவு பண்ணியிருப்பாங்க, ஆறு பேருக்கு நீங்க மன்னிப்பு மெயில் போடணும். விருப்பத்தைத் திரட்ட ஃபார்ம் நல்லது, சீட் ஒதுக்க அல்ல.

என் ஓட்டு குலுக்கலுக்கு. "முதலில் வருபவருக்கு முதலில்"னா பதிவு திறக்கிற ஞாயிறு காலை பத்து மணிக்கு கையில போனோட உக்கார முடிஞ்சவங்களுக்குத்தான் சீட். ஷிப்ட்ல இருக்கிறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க வரும்போது மிச்சம் மீதிதான்.

எக்செல்லயே செய்யலாம்:

ஃபார்ம்ல ஆளுக்கு அஞ்சு ஆட்டம் வரிசைப்படி கேளுங்க, எந்த ஸ்லாட்டா இருந்தாலும் சரி. ஷீட்ல ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ரேண்டம் எண். இதுலதான் பலரும் மாட்டுவாங்க: ரேண்ட் ஃபங்ஷன் ஷீட்ல எந்த செல்லை மாத்தினாலும் புது எண் போட்டுக்கிட்டே இருக்கும். வரிசைப்படுத்தி, முதல் பேருக்கு சீட் எழுதின உடனே எண் எல்லாம் மாறியிருக்கும், மறுபடி வரிசைப்படுத்தினா குலுக்கலே வேற ஆயிடும். அதனால ரேண்டம் எண் வந்ததும் அந்தப் பத்தியை காப்பி பண்ணி, அதே இடத்துல மதிப்பா மட்டும் பேஸ்ட் பண்ணுங்க. வரிசைப்படுத்தறப்ப ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துடாதீங்க, பேர் ஒரு பக்கம் விருப்பம் ஒரு பக்கம் போயிடும். முழு டேபிளையும் தேர்ந்தெடுங்க.

பிறகு மேலிருந்து கீழ ஒரு சுற்று: ஒவ்வொருத்தருக்கும் அவங்க பட்டியல்ல காலியா இருக்கிற முதல் ஆட்டம். அடுத்த சுற்று கீழிருந்து மேல. முதல் சுற்றுல கடைசியா வந்தவருக்கு ரெண்டாவதுல முதல் இடம். ஒவ்வொரு சீட் எழுதறப்பவும் ரெண்டு சரிபார்ப்பு: அதே ஸ்லாட்ல அவருக்கு ஏற்கெனவே சீட் இருக்கா? அந்த ஸ்லாட்ல அவரே ஜி.எம்.-ஆ? ரெண்டாவதைத்தான் மறப்பாங்க.

சேர்ந்து விளையாடணும்னு கேக்கிற ரெண்டு பேரை ஒரே வரிசையா, ரெண்டு சீட்டா எழுதுங்க. ஒரே ஒரு சீட் மிச்சம் இருந்தா அந்த ஆட்டத்தைத் தாண்டி அடுத்த விருப்பத்துக்குப் போகணும். கூட்டு ரெண்டு பேரோட நிக்கட்டும். அஞ்சு பேர் கூட்டா கேட்டா அது மேசையை வாடகைக்கு எடுக்கிற மாதிரி, வீட்டுலயே விளையாடிக்கலாம்.

முடிவை வெளியிட்டு, வேண்டாம்னு சொல்ல 48 மணி நேரம். பிறகு மிச்சத்தை எல்லாருக்கும் திறந்துடுங்க.

#9 ஆறுமுகப்பகடை

எழுபது பேருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? முதல் மூணு நாள் ஒருத்தருக்கு ஒரு சீட்தான்னு வரம்பு வச்சு, மூணு நாள் கழிச்சு வரம்பை எடுத்தா முடிஞ்சது. குலுக்கல்னா யாராவது "செட்டிங்"னு சொல்லுவான்.

#10 சீட்டுக்கட்டு

@ஆறுமுகப்பகடை ஆள் எண்ணிக்கை இதுல விஷயமே இல்ல. எந்த மேசைக்கு நெரிசல்ங்கிறதுதான் விஷயம். 28 ஆட்டத்துல 24-க்கு யாரும் அடிச்சுக்கமாட்டாங்க, நாலுக்கு முப்பது பேர் நிப்பாங்க. விருப்பப் பட்டியலை முதல்ல வாங்குங்க. அப்படி நெரிசல் இல்லைன்னா உங்க வழியே போதும், ஒத்துக்கிறேன். நெரிசல் இருந்தா குலுக்கல். "செட்டிங்" பேச்சுக்கு மருந்து, ரேண்டம் எண் போடறதை ரெண்டு பேர் முன்னாடி பண்ணி ஷீட்டைப் பகிர்றது. பேருக்குப் பதில் பதிவு எண் மட்டும் போட்டு.

#11 மேசைக்காரி

எந்த வழியானாலும் மேசைக்கு ஒரு சீட் முன்பதிவுக்குக் கொடுக்காமல் வையுங்கள். நேராக வருபவர்களுக்கு. அவர்களில் பலர் ரோல்பிளே முதன்முறை பார்ப்பவர்கள். எல்லா மேசையும் "நிரம்பியது" என்று பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் வராதவர் சீட் காத்திருப்பவருக்குப் போகும். இதைப் பதிவு மெயிலிலும், டிக்கெட்டிலும், டெஸ்க்கில் ஒட்டிய தாளிலும் ஒரே வார்த்தைகளில் எழுதுங்கள். அமல்படுத்த வேண்டியவர் டெஸ்க் வாலண்டியர். ஜி.எம். தலையில் போட்டால் அவர் முகதாட்சண்யத்துக்காக இருபது நிமிடம் காத்திருப்பார்.

#12 ஒலிவாங்கி

எல்லாரும் சீட் எண்றீங்க, சத்தத்தை யாரும் பேசல.

சத்தமான இடத்துல மனுஷன் தன்னையறியாமலே குரலை ஏத்துவான். 1911-லயே எத்தியென் லோம்பார்ங்கிற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பத்தி எழுதியிருக்கார், அவர் பேராலயே இன்னும் சொல்றாங்க. ஒரு மேசை சத்தம் ஏத்தினா பக்கத்து மேசை ஏத்தும், அதைக் கேட்டு முதல் மேசை மறுபடி ஏத்தும். திறந்தவெளியில தூரம் ரெட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும். ஹால்ல சுவரும் கூரையும் திருப்பி அனுப்புறதால அவ்வளவும் குறையாது. டைல்ஸ் தரை, கண்ணாடி, உயரக் கூரை இருந்தா ரொம்பக் கம்மியாத்தான் குறையும். அதனால பெரிய ஹால்ல மேசைகளைத் தள்ளிப் போட்டுட்டா போதும்னு நினைக்காதீங்க.

உங்க நாலு சின்ன ரூமும் ரோல்பிளேக்கு. ரூமுக்கு ஒரு மேசை, மிஞ்சினா ரெண்டு. திகில், துப்பறிதல் மாதிரி மெல்லப் பேசுற ஆட்டம் ரூம்ல. அடிதடி, சிரிப்பு ஆட்டம் ஹால்ல. அதை ஜி.எம். அறிமுகத்துலயே "சத்தம்: கம்மி / நடுத்தரம் / அதிகம்"னு ஒரு கட்டம் வச்சுக் கேட்டுடுங்க. ரெண்டு மேசை ஒரே ரூம்ல போடறதானா கம்மியோட கம்மியைப் போடுங்க. ஹால்ல வேற வழியில்லாம ரோல்பிளே போட்டா ஓரச் சுவர்ப் பக்கம், ஜி.எம். முதுகு சுவருக்கு இருக்கிற மாதிரி. அவர் குரல் சுவர்ல பட்டு மேசைப் பக்கமே திரும்பும், பின்னாடியிருந்து வர்ற இரைச்சலும் இருக்காது. திரைச்சீலை கனமானதா இருந்தா உதவும். மெல்லிசுத் துணி கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு இல்ல.

#13 இருபதுமுகன்

ஒலிவாங்கி சொன்னதோட மேசை அளவும் சேர்த்துக்கங்க. வாடகைக்குக் கிடைக்கிற மடக்கு மேசை பெரும்பாலும் 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம். ஒரு ஆளுக்கு 60 செ.மீ. வேணும், ஆக நீளப்பக்கத்துல மூணு பேர் சரியா உக்காரலாம். ஒரு பக்கம் மூணு, மறுபக்கம் ரெண்டு, தலைமாட்டுல ஜி.எம்.

சிக்கல் அகலத்துல. எதிரெதிரா ரெண்டு பேர் ஏ4 ஷீட்டை நிமிர்த்தி வச்சா 30-ம் 30-ம் 60 செ.மீ. போயிடும். நடுவுல 15 செ.மீ. மிச்சம். பகடை உருட்டவே இடம் பத்தாது, மேப்பை எங்க விரிக்கிறது? மேப், மினியேச்சர் (சின்னப் பொம்மை) வைக்கிற ஆட்டத்துக்கு ரெண்டு மடக்கு மேசையை நீளப்பக்கத்தோட நீளப்பக்கம் ஒட்டிப் போடுங்க. 150 செ.மீ. அகலம் கிடைக்கும், நடுவுல 90. மேப் இல்லாத ஆட்டத்துக்கு 150 செ.மீ. வட்ட மேசை பிரமாதம், ஆறு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலாம், ஜி.எம். கத்த வேண்டியதில்ல. மேப் தேவையான்னு அறிமுகத்துலயே கேட்டு வச்சாத்தான் மேசை எண்ணிக்கை சரியா வரும்.

நாற்காலியைப் பின்னால தள்ளி எழுந்திருக்க மேசை விளிம்புலேர்ந்து 75 செ.மீ. வேணும். அதுக்கும் பின்னாடி நடைபாதை 90 செ.மீ., வீல்சேர் போகிற அளவுக்கு. இதையெல்லாம் தரைப்படத்துல வரைஞ்சு பார்த்தா 200 பேர் கொள்ளும்ங்கிற ஹால்ல எவ்வளவு கொள்ளும்னு தெரிஞ்சிடும். அந்த 200 வரிசையா நாற்காலி மட்டும் போட்ட கணக்கு.

வினைல் மேப்ல ஈரத்துணியால துடைக்கிற மார்க்கர் மட்டும். வெள்ளைப்பலகை மார்க்கர்ல எழுதினா கறை போகாது. சிவப்பு எந்த வகையா இருந்தாலும் அன்னிக்கே துடைங்க, ராத்திரி முழுக்க விட்டா அடையாளம் நிக்கும்.

#14 பெட்டிப்பூதம்

கேம் லைப்ரரி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே.

பீஸ் தொலையறது பெரும்பாலும் திருட்டு இல்ல. மேசையில ரெண்டு கேம் கலந்துடும், இல்லைன்னா கீழே விழுந்தது நாற்காலிக்காலுக்குப் பின்னால உருண்டு போயிருக்கும். பெட்டி திரும்பி வந்தப்பவே கண்டுபிடிச்சா பீஸ் இன்னும் அதே மேசைக்கடியில இருக்கும். மறுநாள் கண்டுபிடிச்சா குப்பையில.

ஆனா ஒவ்வொரு பெட்டியையும் திறந்து 300 பீஸ் எண்ண ஆள் கிடையாது. எடை போடுங்க. 5 கிலோ வரை தாங்குற, 1 கிராம் துல்லியம் காட்டுற டிஜிட்டல் தராசு ஒண்ணு போதும். முழுசா எண்ணிச் சரிபார்த்த பெட்டியை எடை போட்டு மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்க. திரும்பி வந்ததும் ஒரு தடவை வைக்கிறது, அஞ்சு செகண்ட் வேலை. வித்தியாசம் 5 கிராமுக்கு மேலன்னா மட்டும் திறந்து எண்ணுங்க.

எது பிடிபடும், எது பிடிபடாதுன்னு தெரிஞ்சுக்கங்க. சாதாரண அளவுச் சீட்டு ஒண்ணு ஒன்றரையிலேர்ந்து ரெண்டு கிராம், நாலு சீட்டு போனா காட்டிக்கொடுக்கும். 8 மி.மீ. மரக் க்யூப் அரை கிராம் கூட வராது, ஒண்ணு ரெண்டு போனா தராசுக்குத் தெரியாது. அட்டைப் பெட்டி ஈரம் குடிக்கும், மழைநாள்ல சில கிராம் கூடும். அதனால போன வருஷ எடையை நம்பாம அன்னிக்குக் காலையில ஒரு தடவை போட்டுக்கங்க. ஏதாவது ஒரு பெட்டி மட்டும் 12 கிராம் கூடுதலா இருந்தா, அது வேற கேமோட விதிப்புத்தகமா இருக்கும். எடை கூடினாலும் திறந்து பாருங்க.

ரப்பர் பேண்ட் போடாதீங்க, சீட்டு ஓரம் மடியும், வெயில்ல உருகி ஒட்டும். ஜிப் பை. உள்ளே அடுக்கின விதத்தை ஒரு போட்டோ எடுத்து மூடியில ஒட்டினா திருப்பி அடுக்குறவங்களும் ஒழுங்கா வைப்பாங்க, மூடி பிதுங்காது.

இன்னொரு சமாச்சாரம், தராசைவிட இதுதான் லைப்ரரியை ஓட வைக்கும்: மேசையில நடுறதுக்கு ரெண்டு நிறக் கொடி. பச்சைன்னா "ஆள் சேர்த்துக்கிறோம்", சிவப்புன்னா "சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்". தனியா வந்தவங்க கேம் எடுத்துக்கிட்டு யார்கிட்டயும் பேச முடியாம அலைவாங்க. பச்சைக் கொடி பார்த்தா தைரியமா உக்காருவாங்க. சிவப்புக் கொடி பார்த்து ஓட ஒரு ஷிப்ட்டுக்கு ரெண்டு வாலண்டியர், தலா பத்து கேம் மனப்பாடமாத் தெரிஞ்சவங்க.

#15 நடுவர்_நாச்சியார்

பாதுகாப்பு விதிகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மேசை அளவில்: முன்பின் தெரியாத ஐந்து பேர் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஜான் ஸ்தாவ்ரோபுலஸ் வடிவமைத்த எக்ஸ்-கார்டு ஒவ்வொரு மேசையிலும் இருக்கட்டும். ஒருவர் அதைத் தொட்டால் அந்தக் காட்சி விவாதமின்றி மாறும், காரணம் கேட்கக் கூடாது. ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த கோடுகளும் திரைகளும் முறை ஆட்டத்துக்கு முன்பே பேசுவது: ஆட்டத்தில் வரவே கூடாதவை எவை, வந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டியவை எவை. கன்வென்ஷனில் நேரம் குறைவு என்பதால் ஜி.எம். தன் கோடுகளை அறிமுகத்திலேயே எழுதிவிட்டால் பதிவு செய்பவர் முன்கூட்டியே முடிவெடுக்கலாம்.

அரங்கு அளவில்: புகார் பெற இரண்டு பேர், ஒருவராவது பெண். இருவரும் தலைமை ஒருங்கிணைப்பாளராக இருக்கக் கூடாது, அந்த ஸ்லாட்டில் ஆட்டம் நடத்தவும் கூடாது. தனி போன் எண் ஒன்று. புகாரை அன்றே எழுதி வைக்க வேண்டும்: நேரம், இடம், சொன்னது சொன்னபடி. முடிவு மூன்று பேரால். அந்த மூவரில் புகாருக்கு ஆளானவரின் நண்பர் இருந்தால் விலகிவிட வேண்டும். தன்னார்வ அமைப்புகளில் எல்லாரும் எல்லாருக்கும் நண்பர்கள், எனவே நான்காவது ஆள் ஒருவரை முன்பே பெயர் குறித்து வையுங்கள்.

#16 கணக்குப்பிள்ளை

பணம் பத்தி சுருக்கமா. ஹால் வாடகை, மேசை நாற்காலி, இன்சூரன்ஸ் இதெல்லாம் யார் வந்தாலும் வராட்டாலும் போகிற செலவு. எதிர்பார்க்கிற டிக்கெட்ல மூணுல ரெண்டு பங்கு வித்தாலே இது அடையணும், அப்படிக் கட்டணம் வைங்க. முழுசும் வித்தாத்தான் கட்டுப்படியாகும்னா அது திட்டமே இல்ல, வேண்டுதல். மிச்சத்துல அடுத்த வருஷ ஹால் அட்வான்ஸை முதல்ல எடுத்து வைங்க, டி-ஷர்ட்டு அப்புறம். டெஸ்க் பணத்தை எப்பவும் ரெண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடணும். நம்பிக்கை இல்லாம இல்ல, கணக்கு உதைச்சா ஒருத்தர் மேல பழி விழக்கூடாதுங்கிறதுக்கு.

#17 புதுமேசை

திருத்திய திட்டம்: 14 ஜி.எம்., 28 ஆட்டம், ஸ்லாட்டுக்கு 5 அல்லது 6 மேசை. நான்கு ரூமில் தலா ஒன்று, மீதி ஹால் ஓரம். ரோல்பிளேக்கு சராசரி 33 பேர். போர்டு கேம் பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி மொத்தம் 80 டிக்கெட். வாலண்டியர் ஷிப்டையும் நான்கு மணி நேரமாக ஸ்லாட்டோடு பொருத்தியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று புரியவில்லை. அன்று காலை ஒரு ஜி.எம். வராவிட்டால் என்ன செய்வது?

#18 மேசைக்காரி

80-இல் ஜி.எம்.களும் வாலண்டியர்களும் அடக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடக்கமென்றால் காசு கொடுப்பவர் ஐம்பது பேருக்குக் கொஞ்சம் மேல்தான் இருப்பார்கள். கணக்குப்பிள்ளை சொன்ன மூன்றில் இரண்டு பங்கை அந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.

ஷிப்டை ஸ்லாட்டோடு பொருத்தியது நல்லது, ஆனால் டெஸ்க் ஷிப்ட் மட்டும் அரை மணி முன்னதாகத் தொடங்கட்டும். நெரிசல் ஆட்டம் தொடங்கும் முன் இருபது நிமிடத்தில்தான். அந்த நேரத்தில் ஷிப்ட் மாறினால் பழையவரும் புதியவரும் ஒரே லிஸ்ட்டை இழுத்துக்கொண்டிருப்பார்கள். தலைமை ஒருங்கிணைப்பாளருக்கு ஆட்டமும் வேண்டாம், ஷிப்டும் வேண்டாம். ஞாயிறு மாலை மேசை மடக்க ஆறு பேரைப் பெயர் சொல்லித் தனியாகக் குறித்து வையுங்கள், "எல்லாரும் சேர்ந்து செய்வோம்" என்றால் மூன்று பேர் மிஞ்சுவார்கள். ஹாலை வாங்கும்போதே சுவர், தரை, நாற்காலி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்தால் ஒப்படைக்கும்போது தகராறு வராது.

#19 இருபதுமுகன்

@புதுமேசை ஜி.எம். வராத விஷயத்துக்கு மூணு படி.

முதல்ல போன், ஸ்லாட்டுக்கு 45 நிமிஷம் முன்னாடி. ஒவ்வொரு ஜி.எம்.-மும் அந்த நேரத்துக்குள்ள டெஸ்க்குல தலையைக் காட்டிக் கையெழுத்துப் போடணும்னு விதி வைங்க. கையெழுத்து இல்லாத பேருக்குத்தான் போன். ஆட்டம் தொடங்குற நேரத்துல ஆளைத் தேட ஆரம்பிச்சா எல்லாம் கை மீறிடும்.

ரெண்டாவது, காத்திருப்பு ஜி.எம். ஸ்லாட்டுக்கு ஒருத்தர், ரெண்டு மணி நேரத்துல முடியற, விதி ஒரே பக்கத்துல அடங்குற ஆட்டம் ஒண்ணோட தயாரா இருக்கணும். யாரும் காணாமப் போகலைன்னா அவரே நேரா வர்ற புதுசுங்களுக்கு அதை நடத்துவார், அவர் நேரம் வீணாகாது. அஞ்சு ஸ்லாட்டுக்குமான இந்தக் காத்திருப்பு ஆட்டங்களை 28-க்குள்ள சேர்க்காதீங்க.

மூணாவது, பிரிச்சு உக்கார வைக்கிறது. மேசைக்கு ஒரு சீட் காலியா வச்சிருப்பீங்க இல்ல, ஜி.எம். வராத மேசைக்காரங்கள்ல காத்திருப்பு ஆட்டம் வேண்டாம்னு சொல்றவங்களை அங்க அனுப்புங்க. அப்படி அனுப்பறப்ப அந்த மேசை ஜி.எம்.-கிட்ட கேரக்டர் ஷீட் மிச்சம் இருக்கான்னு முதல்ல கேட்டுக்கங்க.

#20 பெட்டிப்பூதம்

அந்தக் கையெழுத்துத் தாளை காகிதத்துலயே வைங்க. ஹால் வைஃபையை நம்பி டேப்லெட்ல வச்சா 9:15-க்கு லோட் ஆகாது.